ஆவணிக் கிணறு சொல்லும் அளவுக்குப் புல்

ஆவணி நடுவில், விடியக்காலையில் யாரும் தண்ணீர் அள்ள முன்னம், ஒரு கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றின் அடிவரைக்கும் இறக்குங்கள். நனைந்த நீளத்தை அளந்து எழுதி வையுங்கள். வீட்டுக்கு முன்னால் எத்தனை பேர்ச்சில் புல் போடலாம் என்ற கேள்விக்கு மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் அந்த ஈரக்கயிறுதான் விடை சொல்லும்.

கணக்கு லேசானது. ஒரு பேர்ச் 25.3 சதுர மீற்றர். நாலு பேர்ச்சை 100 சதுர மீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் தண்ணீர் நின்றால் அது ஒரு லீட்டர். கச்சான் காற்று வீசுகிற ஆனி, ஆடி மாதங்களில் புல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் குடிக்கும். நாலு பேர்ச்சுக்கு நாளுக்கு 400 லீட்டர், கிழமைக்கு 2800 லீட்டர். உள்விட்டம் 1.2 மீற்றர் உள்ள சீமெந்து வளையக் கிணற்றில் ஒரு மீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 1130 லீட்டர். குளிப்பு, சமையல், உடுப்புக் கழுவல் எல்லாவற்றுக்கும் மேலாகக் கிழமைக்கு இரண்டரை மீற்றர் உயரத் தண்ணீரை அந்த நாலு பேர்ச் புல் தனியாகக் கேட்கிறது.

மணற்பாங்கான இடத்துக் கிணறு இறைத்த கையோடு ஊறிவிடும், அதனால் கவலையில்லை என்று சொல்பவர்கள் உண்டு. ஊறும், ஆனால் என்ன ஊறுகிறது என்று பார்க்க வேண்டும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற மணல் திட்டில் மழைநீர் உப்புத்தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. உப்புத்தண்ணீர் கொஞ்சம் பாரம் கூடியது, அவ்வளவுதான் வித்தியாசம். கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நன்னீர் நிற்கும் என்பது கரையோர நிலத்தடி நீருக்கான பழைய சூத்திரம். அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஒரு அடி இறங்கினால் கீழே உப்பு நாற்பது அடி ஏறத் தொடங்கும். ஒரே மூச்சில் அடிமட்டம் வரை மோட்டர் போட்டு இறைக்கிற கிணறு, மாரியில் இனித்து ஆவணியில் கரிக்கிற கிணறாக மாறுவது இப்படித்தான். புல்லுக்கு இறைப்பதானால் அரைமணி நேரம் ஓடவிட்டு, இரண்டு மணித்தியாலம் ஆறவிட்டு, மறுபடி அரைமணி நேரம் ஓடவிடுங்கள்.

ஆகவே பத்துப் பேர்ச் வளவு இருந்தால் பத்திலும் புல் போடத் தேவையில்லை. வீட்டுக்கு முன்னால், கண்ணில் படுகிற இடத்தில், இரண்டு பேர்ச் போதும். மிச்சம் மரநிழலும், பெருக்கிய வெள்ளை மணலும், கொடிகளும். பெருக்கிய மணல் முற்றத்தை வசதியில்லாதவர்களின் முற்றம் என்று நினைக்கிற வழக்கம் அண்மையில் வந்தது. பாம்பு ஊர்ந்தால் தடம் தெரியும், பொழுதுபட்டதும் சீக்கிரம் குளிரும், மாரியில் தண்ணீர் தேங்காது, கோடையில் ஒரு வாளி தண்ணீர் கேட்காது. இந்த வெயிலுக்கு அதைவிடக் கெட்டிக்காரத்தனமான தரையை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மணலும் களியும்

வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள எழுவான்கரையில் கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, அப்படியே தெற்கே கல்முனை, நிந்தவூர், திருக்கோவில் வரைக்கும் வீட்டு வளவு என்றால் பெரும்பாலும் மணல். வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போனால், அல்லது சம்மாந்துறை வயல்வெளி ஓரத்தில் வீடு கட்டினால், மண்வெட்டியில் ஒட்டுகிற களி. இரண்டுக்கும் ஒரே முறையைச் சொல்கிற புத்தகங்களாலும் வீடியோக்களாலும்தான் பாதிப் புல் சாகிறது.

எது எவ்வளவு என்று தெரியாவிட்டால் ஜாம் போத்தல் ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் இறங்குவது மணல். இரண்டு மணித்தியாலத்தில் அதற்கு மேல் படிவது வண்டல். மறுநாளும் கலங்கி நின்று பிறகு படிவது களி. மணல் முக்கால்வாசிக்கு மேல் இருந்தால் கீழே மணலுக்குச் சொல்வதைக் கேளுங்கள்.

மணலில் புல்லின் வேர் பெரும்பாலும் மேல் 15 சென்ரிமீற்றருக்குள் நிற்கும். அந்த 15 சென்ரிமீற்றர் மணல் புல்லுக்குப் பயன்படும்படி பிடித்துவைக்கக்கூடிய தண்ணீர் 10 முதல் 12 மில்லிமீற்றர்தான். கிழமைக்கு ஒருமுறை ஆழமாக, 25 மில்லிமீற்றர் பாய்ச்சுங்கள் என்பது எல்லா இடத்திலும் எழுதியிருக்கிற ஆலோசனை. களிக்கு அது சரி. மணலில் அதைச் செய்தால் பாதிக்கு மேல் வேரைத் தாண்டி இறங்கிப் போகும். நாலாம் நாள் புல் வாடும். வாடியதைப் பார்த்து வீட்டுக்காரர் தினமும் பின்னேரம் குழாயைப் பிடித்துக்கொண்டு தெளிக்கத் தொடங்குவார். தெளிப்பு மேல் இரண்டு விரற்கடையை மட்டும் நனைக்கும், வேர் மேலேயே தங்கிவிடும், அடுத்த கச்சானில் மொத்தமும் காயும். மணலுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை, 12 மில்லிமீற்றர். களிக்குக் கிழமைக்கு ஒருமுறை 25, ஆனால் களி தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும் என்பதால் பாதியை விட்டு, ஒரு மணித்தியாலம் கழித்து மறுபாதி.

12 மில்லிமீற்றர் எவ்வளவு நேரம் என்று எப்படித் தெரியும்? வெறும் மீன் ரின் ஐந்தைக் கழுவி எடுத்து, புல்லில் ஒன்றைத் தலைப்பில், ஒன்றை நடுவில், மிச்சத்தை ஓரங்களில் வையுங்கள். ஸ்பிரிங்ளரைச் சரியாக 20 நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஒவ்வொரு ரின்னிலும் அளவுகோலை நிறுத்திப் பிடித்து நீர் உயரத்தை அளந்தால் ஒன்றில் 9 மில்லிமீற்றர் இருக்கும், இன்னொன்றில் 3 இருக்கும். இந்த வித்தியாசம்தான் புல்லில் வட்டவட்டமாகத் தெரிகிற பழுப்புக்குக் காரணம். பூச்சி மருந்து அடிக்க முன்னம் இந்த ரின் சோதனையைச் செய்யுங்கள். சராசரி 6 என்றால் 12க்கு 40 நிமிடம் தேவை. குறைந்து விழுகிற மூலைக்கு ஸ்பிரிங்ளரை நகர்த்துங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள்.

பாய்ச்சுவது விடியக்காலையில், காற்று எழும்ப முன்னம். கச்சான் என்றால் கடலையும்தான், ஆனால் இங்கே சொல்வது மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் மலையைத் தாண்டி இறங்கி, வழியெல்லாம் ஈரத்தை இழந்து, சூடாக வருகிற காற்றை. பகல் பதினொரு மணிக்கு அந்தக் காற்றில் ஸ்பிரிங்ளர் போட்டால் புல்லைவிடப் பக்கத்து மதில் அதிகம் குடிக்கும். பின்னேரம் பாய்ச்சினால் இலை இரவு முழுக்க ஈரமாக இருந்து பூஞ்சணம் பிடிக்கும்.

எந்தப் புல்

மலேசியன், அவுஸ்திரேலியன், புளூ, பஃபலோ என்று நாற்றுமேடையில் சொல்கிற பெயர்களை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே பெயரில் ஓரூரில் ஒன்றும் அடுத்த ஊரில் வேறொன்றும் விற்கிறார்கள். பஃபலோ என்ற பெயர் அமெரிக்காவில் ஒரு புல்லையும் அவுஸ்திரேலியாவில் வேறொரு புல்லையும் குறிக்கும். இங்கே மூன்றாவது ஒன்றைத் தருவார்கள். இலையைப் பாருங்கள்.

விரலகலத்தில் பாதி அளவு இலை, நுனி மழுங்கியது, தரையோடு ஒட்டி ஓடுகிற தட்டையான தண்டு என்றால் அது அகன்ற இலைக் கார்பெட் புல். மாமரத்துக்குக் கீழே, தென்னைக்குக் கீழே அரை நிழலில் நன்றாக வரும். ஈரம் வேண்டும், கொஞ்சம் புளிப்பான மண் வேண்டும். சிப்பியும் சோகியும் கலந்த கடற்கரை மணலில் மஞ்சளிக்கும், உப்புத்தண்ணீரில் நுனி கருகும். படுவான்கரை வீட்டுக்கு நல்லது, கல்லடிக் கடற்கரை வீட்டுக்கு வீண்செலவு.

ஊசிபோல் மெல்லிய இலை, நெருக்கமாக, கை வைத்தால் குத்துகிற மாதிரி மெத்தையாக இருந்தால் மணிலாப் புல். ஆசியக் கடற்கரைகளில் தானாக முளைக்கிற இனம் என்பதால் உப்பும் வெயிலும் தாங்கும். ஒரே குறை, ஆமை வேகம். துண்டு துண்டாக நட்டால் மூடுவதற்கு ஆறு மாதத்துக்கு மேலும் எடுக்கும், அதுவரை களை பிடுங்கியே ஆக வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லலாம். ஒருமுறை மூடிவிட்டால் மாதத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வெட்டத் தேவை வராது.

அறுகு தெரியாதவர்கள் இல்லை. முழு வெயில் வேண்டும், நிழல் பட்டால் மெலிந்து சாகும். உப்பு தாங்கும், காய்ச்சல் தாங்கும். தண்ணீர் இல்லாவிட்டால் பழுப்பாகித் தூங்கிவிடும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறியாதீர்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை 10 மில்லிமீற்றர் விட்டால் அடித்தண்டு உயிரோடு இருக்கும், ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் மீண்டும் பச்சையாகும். தண்ணீர் குறைந்த வீட்டுக்கு இதுதான் புல். பூப்பாத்திக்குள் நுழைந்தால் மட்டும் அடங்காது, அதனால் பாத்தி ஓரத்தில் 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஒரு வெட்டு வாய்க்கால் எப்போதும் வைத்திருங்கள்.

புல்லே வேண்டாம், பச்சை மட்டும் போதும் என்றால் பொடுதலை இருக்கிறது. வயல் வரம்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாகப் படர்கிற அதேதான். ஒரு சாண் இடைவெளியில் கணுவோடு வெட்டி நட்டால், ஈரம் கிடைத்தால், இரண்டு மூன்று மாதத்தில் மூடும். உப்பு தாங்கும், நடந்தாலும் தாங்கும், மெஷினால் வெட்டவும் விடும். பூக்கிற காலத்தில் தேனீ வரும், சிறுபிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற வீட்டில் பூவை வெட்டிவிடுங்கள். கடலைப் பார்த்த மணல் வளவுக்கு அடம்பன் கொடி. திரண்டால் மிடுக்கு என்று சொல்லக் கேட்டிருக்கிறோம், மணலைப் பிடித்து வைப்பதில் அது பழமொழிக்கு மேலே. நடைபாதைக்கு ஏற்றதல்ல, வேலி ஓரத்துக்கும் சரிவுக்கும் ஏற்றது.

மண் வாங்குகிறபோது

கூலிக்குப் புல் போட வருபவர்கள் பெரும்பாலும், "ரெண்டு அங்குலம் செம்மண் கொட்டினாக் காணும்" என்பார்கள். காணாது. மணலுக்கு மேலே தனிப்படையாகக் களிமண் கொட்டினால் இரண்டும் கலக்காது. மாரியில் அந்தப் படை தண்ணீரைக் கீழே விடாமல் சேறாகும், ஆடியில் ஓடுபோல் வெடிக்கும், வேர் அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டு மணலுக்குள் இறங்காது. கிறவல் என்கிற சரளை மண் போட்டு மட்டம் எடுத்து அதன் மேல் இரண்டு அங்குல மண் போட்ட முற்றங்களின் கதி இன்னும் மோசம், அங்கே வெயிலில் தரையைத் தொட ஏலாது.

மணலுக்குத் தேவை மக்கிய பொருள். 2.5 முதல் 3 சென்ரிமீற்றர் தடிப்புக்குப் பரப்பி, மேல் 15 சென்ரிமீற்றர் மணலோடு மண்வெட்டியால் கொத்திப் புரட்டிக் கலக்க வேண்டும். இங்கே மண்ணும் மணலும் கியூப் கணக்கில் விற்கிறபடியால் கணக்கு வசதியாக வருகிறது. ஒரு கியூப் 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். நாலு பேர்ச்சுக்கு ஒரு கியூப் பரப்பினால் சரியாக 2.8 சென்ரிமீற்றர். பாதி மக்கிய மாட்டெரு, கால் இலைகுழைக் கூட்டெரு, கால் உமிக்கரி என்று கலக்கலாம். உமிக்கரி அரிசி ஆலைகளைச் சுற்றி எளிதில் கிடைக்கும். எரிக்காத உமி வேண்டாம், அதிலிருக்கிற நெல்லும் பன் என்கிற களையின் விதையும் முற்றத்தில் முளைக்கும். தும்புத்தூள் சேர்ப்பதானால் கடலிலோ வாவியிலோ ஊறிய மட்டையில் எடுத்ததா என்று கேளுங்கள், அப்படியென்றால் இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணீரில் அலசாமல் போடாதீர்கள்.

மாட்டெருவைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்க்க வேண்டும். சாணி வாசம் அடித்தால், உள்ளே சூடு இருந்தால், இன்னும் மூன்று மாதம் கிடக்கட்டும். மக்காத எருவில் பெருவிரல் தடிப்பில், பால்வெள்ளை உடம்பும் கபில நிறத் தலையுமாக, கேள்விக்குறிபோல் சுருண்டு கிடக்கிற புழுக்கள் இருக்கும். காண்டாமிருக வண்டின் புழு அது. வளர்ந்து வண்டாகித் தென்னையின் குருத்தைத் துளைக்கும். அரித்து, புழுவைக் கோழிக்குப் போட்டுவிட்டுத்தான் எருவைப் பரப்ப வேண்டும்.

இனிக் கோரை. இதற்குக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் புல்தரைகளைக் கெடுத்ததில் கச்சானுக்கு அடுத்த இடம் இதற்கு. கோரையைத் தண்டோடு இழுத்தால் கையோடு வரும், வேலை முடிந்தது என்று தோன்றும். அதே இடத்தில் மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் தோண்டிப் பாருங்கள். மிளகைவிடப் பெரிய, கடலையைவிடச் சிறிய கறுத்த கிழங்கொன்று, அதிலிருந்து கம்பிபோல் ஒரு நார், நாரின் முடிவில் இன்னொரு கிழங்கு, அதிலிருந்து அடுத்த நார் என்று மாலைபோல் போகும். மேல் தண்டு அறுந்தால் அதுவரை தூங்கிய கிழங்கு முளைக்கும். ஒன்றைப் பிடுங்கினால் மூன்று வருவது அதனால்தான். தெரியாமல் ரோட்டவேற்றர் விட்டு உழுதால் மாலை துண்டாகி ஒவ்வொரு மணியும் தனிக்கோரையாகும்.

வந்தபின் விரட்டுவதைவிட வராமல் பார்ப்பது எளிது. மண் இறக்க முன்னம், விற்பவரிடம் ஒரு தேங்காய்ச் சிரட்டை மண் வாங்கி வந்து, ஈரமாக்கி, வெயில் படுகிற இடத்தில் இரண்டு கிழமை வையுங்கள். கூரிய ஊசிபோல் மூன்று பக்கத் தண்டு ஒன்று எழும்பினாலும் அந்த லோட் வேண்டாம். ஏற்கனவே வந்துவிட்டதென்றால், புல் நட முன்னம் ஈரமாக்கி முளைக்கவிட்டு, நாலைந்து இலை வந்ததும் கிழங்கோடு தோண்டி எடுத்து, மூன்று கிழமைக்கு ஒருமுறை அதையே திரும்பச் செய்யுங்கள். கிழங்கில் சேமித்த மாச்சத்து தீரும்வரை இது நடக்கும், நாலைந்து சுற்றுத் தேவைப்படலாம். தோண்டிய கிழங்கைக் கூட்டெருக் குவியலில் போடாதீர்கள், சீமெந்துத் தரையில் பரப்பி நாலைந்து நாள் வெயிலில் நன்றாக உலரவிட்டு எரியுங்கள்.

மட்டமும் நடுகையும்

வீட்டுச் சுவரிலிருந்து வெளியே மீற்றருக்கு ஒன்று முதல் இரண்டு சென்ரிமீற்றர் இறக்கம் வேண்டும். மேசன்மார் பாவிக்கிற தண்ணீர் நிரப்பிய தெளிந்த குழாயும் இரண்டு தடியும் ஒரு நூலும் போதும். ஐந்து மீற்றர் தூரத்தில் நூலை 8 சென்ரிமீற்றர் இறக்கிக் கட்டி, அந்த நூலுக்கு மண்ணைச் சரிசெய்யுங்கள். மாரி இங்கே மூன்று மாதத்தில் வருடத்து மழையில் பெரும்பங்கைக் கொட்டிவிடுகிறது, இறக்கம் இல்லாத முற்றம் கார்த்திகையில் குளமாகும். புல் இரண்டு மூன்று நாள் தண்ணீருக்குள் நின்றால் தாங்கும், ஒரு கிழமை நின்றால் வேர் அழுகும்.

எப்போது நடுவது என்பதில் மணலுக்கும் களிக்கும் நாள் வேறு. மணலில் புரட்டாசிக் கடைசியில், முதல் மழையை எதிர்பார்த்து நடலாம், கனமழை தொடங்க முன்னம் வேர் பிடித்துவிடும். களியிலும் பள்ளக் காணியிலும் அப்படிச் செய்தால் நட்டது மிதக்கும். அங்கே தைப்பொங்கல் கழிந்து, வெள்ளம் வடிந்து, மண் கையில் உருட்டினால் ஒட்டாமல் உதிர்கிற நாளில் தொடங்குங்கள். மாசி, பங்குனி ஈரத்தில் பிடித்துக்கொள்ளும். சித்திரைக்குப் பிறகு நடுவது தண்ணீரைக் காசாக்கித் தரையில் ஊற்றுவது.

சதுர அடித் துண்டுகளாக விற்கிற புல்லை முழுக்க விரிக்க வேண்டியதில்லை. ஒரு சதுர அடித் துண்டை இரண்டு அங்குலச் சதுரங்களாக வெட்டினால் 36 கிடைக்கும். ஆறு அங்குல இடைவெளியில் நட்டால் சதுர அடிக்கு நாலு போதும். ஒரு துண்டு ஒன்பது சதுர அடிக்கு வரும். நாலு பேர்ச் 1089 சதுர அடி, ஆக 121 துண்டு. பழுதாவதற்காக இன்னும் பத்து சேர்த்து வாங்குங்கள். நட்டபின் பலகை போட்டு அதன் மேல் ஏறி நின்று அழுத்த வேண்டும், வேருக்கும் மண்ணுக்கும் நடுவில் காற்று இருந்தால் காயும். முதல் பத்து நாள் தினமும் மூன்று தரம், ஒவ்வொரு தரமும் ஐந்து நிமிடம். பிறகு நாளுக்கு ஒன்று. ஒரு மாதத்தில் மூன்று நாளைக்கு ஒருமுறைக்கு வந்துவிட வேண்டும்.

வெட்டுதல், பசளை

அறுகை 3, மணிலாப் புல்லை 3, கார்பெட் புல்லை 5 சென்ரிமீற்றர் உயரத்தில் வையுங்கள். கோடையில் எல்லாவற்றுக்கும் ஒரு சென்ரிமீற்றர் கூட்டுங்கள், நீண்ட இலை தன் வேருக்குத் தானே நிழல் போடும். ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. நைலோன் நூல் போட்ட புஷ் கட்டரால் புல்தரை வெட்டுவது இங்கே வழக்கமாகிவிட்டது. கை ஆடுகிற இடத்தில் தரை தெரியும் அளவுக்கு மொட்டையடிக்கும், இளமரங்களின் அடிப்பட்டையைச் சுற்றி உரிக்கும். பட்டை முழுச்சுற்றும் உரிந்த மரம் பிழைக்காது. மரத்தடியில் ஒரு முழம் வட்டத்துக்குப் புல்லை எடுத்துவிட்டு இலைச்சருகு போட்டால் இந்தத் தொல்லை இல்லை. வெட்டிய மறுநாள் புல் வெண்மையாகத் தெரிந்தால் நோய் அல்ல, மெஷினின் பிளேட் மழுங்கிவிட்டது. நுனியைக் கையில் எடுத்துப் பாருங்கள், நார் நாராகக் கிழிந்திருக்கும்.

யூரியா நாலு பேர்ச்சுக்கு ஒருமுறைக்கு அரைக் கிலோ. அதற்கு மேல் வேண்டாம். மூன்று வாளி உலர் மணலோடு கலந்து, பாதியை வடக்கு தெற்காகவும் மீதியைக் கிழக்கு மேற்காகவும் வீசி, உடனே தண்ணீர் பாய்ச்ச வேண்டும். ஈர இலையில் விழுந்து கிடந்தால் ஒவ்வொரு மணிக்கும் ஒரு கருகல். முதல் மழையோடு ஒருமுறை, தை, மாசி, பங்குனியில் மாதம் ஒருமுறை. கார்த்திகை அடைமழைக்கு முதல் நாள் போட்டால் அது மணலுக்குள் இறங்கி நேரே உங்கள் குடிதண்ணீர்க் கிணற்றுக்குத்தான் போகும், வேறெங்கும் போக அதற்கு வழியில்லை. உப்புள்ள மண்ணில் பொட்டாசியத்துக்காக மியூரியேட் ஒப் பொட்டாஷ் போட வேண்டாம், அதில் வருவதும் குளோரைட்தான். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டபோது வயலே தவித்தது. முற்றத்துப் புல் யூரியா இல்லாமலும் இருக்கும். அரித்த கூட்டெருவை வருடத்துக்கு ஒருமுறை 4 மில்லிமீற்றர் தடிப்புக்குத் தூவி ஈர்க்கு விளக்குமாற்றால் தட்டிவிட்டால் போதும். நாலு பேர்ச்சுக்கு 400 லீட்டர், பத்து லீட்டர் வாளியில் நாற்பது.

யூரியா போட்டும் மஞ்சளாக நின்றால், நரம்பு பச்சையாகவும் இடை மஞ்சளாகவும் இருந்தால், அது இரும்புக் குறை. சிப்பி மணலில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது. பெரஸ் சல்பேற் 10 லீட்டருக்கு 30 கிராம் கரைத்து, பொழுதுபட முன்னம் இலையில் தெளியுங்கள். ஒரு கிழமைக்குள் வித்தியாசம் தெரியும். மாபிள், சீமெந்து நடைபாதையில் பட்டால் துருக்கறை விழும், போகாது.

பூச்சி பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மழை தொடங்கியபின் இரவோடிரவாகப் பழுப்பு பரவினால் படைப்புழு. ஒரு சதுர யாரில் நாலு லீட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சோப்புத்திரவம் கலந்து ஊற்றினால் பத்து நிமிடத்தில் மேலே வரும். பாய்போல் சுருட்டி எடுக்க வந்தால் வேரைத் தின்னும் வெள்ளைப்புழு, ஒரு சதுர அடியில் ஐந்துக்கு மேல் இருந்தால் மட்டும் விவசாயப் போதனாசிரியரிடம் போங்கள். ஆபிரிக்க நத்தைக்குப் புல்லின் மேல் உப்புத் தூவுகிற பழக்கத்தை விடுங்கள், நத்தையோடு புல்லும் போகும். இரவில் டோர்ச்சும் கையுறையுமாகப் பொறுக்கி உப்புத்தண்ணீர் வாளிக்குள் போடலாம். கையுறை கட்டாயம், நத்தையில் மூளையைத் தாக்குகிற புழு இருக்கும்.

மரமும் வெயிலும்

மேற்குப் பக்கம் வேம்பு, கடல் பக்கம் பூவரசு. இது பழைய ஆட்கள் செய்ததுதான், மாற்றக் காரணமில்லை. வேம்பு கச்சானையும் பின்னேர வெயிலையும் சேர்த்து மறிக்கும், பூவரசு உப்புக்காற்றைத் தாங்கும்.

வெயில் எங்கே விழும் என்பதைப் பலர் ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். மட்டக்களப்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 7.7 பாகையில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாள் முன்பு சூரியன் உச்சிக்கு நேரே வந்து, பிறகு ஆவணி நடு வரைக்கும் நண்பகலில் வடக்கே சாய்ந்து நிற்கும். மார்கழியில் நன்றாகத் தெற்கே இறங்கும். ஆகவே வீட்டின் வடக்குச் சுவரோரம் மார்கழியில் நிழலாக இருக்கிறதே என்று கார்பெட் புல்லை நட்டால் ஆடியில் அங்கே நேர் வெயில் விழும். நிழல் தேடும் குரோட்டனையும் பன்னச் செடியையும் கிழக்குச் சுவரோரம் வையுங்கள், காலை வெயில் போதும். தெற்கிலும் வடக்கிலும் செவ்வரத்தையும் நித்தியகல்யாணியும். போகன்வில்லாவுக்குத் தண்ணீரைக் குறைத்தால்தான் பூக்கும்.

தென்னை நட மூன்று அடி நீள அகல ஆழக் குழி. அடியில் தேங்காய் மட்டையை உட்பக்கம் மேலே பார்க்க இரண்டு அடுக்கு அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் மண் போட்டு மூடுங்கள், மட்டை மழைநீரைக் கிண்ணம்போல் பிடித்து வைத்துக் கோடையில் கொடுக்கும். மரத்துக்கு மரம் 26 அடி. பிளாஸ்ரிக் பையில் வளர்ந்த மாங்கன்றோ வேப்பங்கன்றோ வாங்கினால் பையைக் கிழித்து, அடியில் சுருண்டிருக்கிற வேரை வெட்டிவிட்டு நடுங்கள். சுருண்ட வேர் நேராகாது, பத்து வருடம் நன்றாக வளர்ந்த மரம் ஒரு காற்றில் வேரோடு சாய்கிறபோது அந்தச் சுருள் அப்படியே வெளியே தெரியும்.

1978 நவம்பர் 23 சூறாவளியில் மட்டக்களப்பு மாவட்டத்துத் தென்னந்தோப்புகள் விழுந்த கதை எல்லா வீட்டிலும் உண்டு. புரட்டாசி முடிய முன்னம் கூரைக்கு மேலே நீண்ட கொப்பை இறக்கிவிடுங்கள். முருங்கையை இடுப்பளவுக்குத் தறித்துவிடலாம், தையில் தளிர்க்கும். மரத்தின் தலையை மொத்தமாக மொட்டையடிக்க வேண்டாம், உள்கொப்புகளைக் கழித்துக் காற்று ஊடே போக வழிவிட்டால் போதும். வெட்டிய கொப்பில் வேப்பங்குழையை மட்டும் பிரித்துக் கூட்டெருக் குவியலுக்குப் போடுங்கள், மிச்சத்தை வேலிக்கு வெளியே தள்ளாமல் மழைக்கு முன் காயவைத்து அடுக்குங்கள். குவியலாகக் கிடந்தால் மாரித் தண்ணீர் ஏற ஏற, வயலிலிருந்து வருகிற பாம்பு முதலில் ஏறுவது அதில்தான்.